முப்பத்திரண்டில் ஒரு பாட்டு

“ஏட்டி, பாட்டோட பிட்ரேட்டை முப்பத்திரண்டுல வச்சா உன் குரலு தகர டப்பா மாதிரி கேக்கும்! முந்நூத்தியிருபதே இருக்கட்டும்!” கம்ப்யூட்டர் முன்னால் ஜெபசிங் கத்தினான்.

“அவ்வளவு பெரிய ஃபைல் போகாதுண்ணே!” தங்கை பிளாரன்ஸும் விடவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் பாட்டுப் பைத்தியங்கள். பெண்ணைப் பாடி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். பிடித்தால் மறுவாரமே நிச்சயதார்த்தம். அண்ணன் காப்பி குடிக்க எழுந்த நேரம் பார்த்து அவளே முப்பத்திரண்டை அமுக்கி அனுப்பிவிட்டாள். அதில் அவள் குரலைக் கேட்டால், சளிபிடித்த தவளைதான்.

“பொண்ணுக்குச் சாரீரம் பத்தாது” என்று பதில் வந்தது. தெருவே அறிய அம்மா அழுதாள். பிளாரன்ஸோ பல நாள் கழித்து அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாள்.

ஈஸ்டர் கழிந்ததும், கோயிலில் கீபோர்டு வாசிக்கும் ஸ்டான்லியைக் கட்டிக்கொண்டு தூத்துக்குடி போய்விட்டாள். அவனுக்கென்ன, அவள் பாட்டை எப்போதும் பக்கத்தில் உட்கார்ந்தே கேட்டவன்.