மூலையில் ஒரு பெயர்

‘இன்வேலிட்’ என்றது கம்ப்யூட்டர், வழக்கம்போல.

இயந்திர பாகங்களுக்கு வரையும் டிராயிங்கின் மூலையில் ‘வரைந்தவர்’ என்று ஒரு கட்டம். பட்டியலில் ஏற்றிவைத்த பெயரை அடித்தால்தான் அது வாங்கிக்கொள்ளும். எட்டு மாதமாக வரைவது நாகவல்லி. மூலையில் ஏறுவது சீனியர் கங்காதரன் பெயர். யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது?

“சார், பட்டியல்ல என் பேரையும் ஏத்துங்களேன்.”

“ஏத்தலாம், ஏத்தலாம். இன்னா அவசரம்?” மனிதர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

ஒரு மதியம் அவர் சாப்பிடப் போன நேரம், பட்டியலைத் திறந்து தன் பெயரைத் தானே ஏற்றினாள். கட்டத்தில் அடித்தாள். முரண்டு பிடிக்காமல் வாங்கிக்கொண்டது.

அன்று மாலை அம்பத்தூரில் ரயில் ஏறியதுதான் தெரியும். ஜன்னலுக்கு வெளியே ஏரி, பனைமரம், மேகம், எல்லாவற்றின் மூலையிலும் யாரோ பொடி எழுத்தில் ‘நாகவல்லி’ என்று எழுதியிருந்தார்கள். நெமிலிச்சேரியில் இறங்க மறந்து, திருநின்றவூர் வரை போய்த் திரும்பினாள்.

மறுநாள் பிரிண்டில் பழையபடி கங்காதரன்.

“உன் பேரை எடுத்துட்டேன்” என்றார், டீயை உறிஞ்சியபடி. அவ்வளவுதான்.

திருட்டு மனுஷன் என்று மனசுக்குள் வைது தீர்த்தாள்.

பத்தாம் நாள், அந்த டிராயிங்கை, மூலையில் இருந்த பேரைக்கூடப் பார்க்காமல், உதறிக்கொண்டு முதலாளி வந்தார். கம்ப்யூட்டர் ரூமுக்குள் செருப்போடு வந்தார் என்றால் கோபம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

“இருபத்தஞ்சு மில்லி போட வேண்டிய துளைக்கு அம்பத்திரெண்டு! இருநூறு பீஸ் குப்பைக்குப் போச்சு! எவன் போட்டது? இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பறேன்!”

நாகவல்லி எட்டிப் பார்த்தாள்; அவள் அடித்த எண்தான். இந்த வேலையும் போனால் வீட்டில் என்ன சொல்வாள்?

கங்காதரன் எழுந்தார். “நான்தான் சார். பேரு போட்டுக்கீதே.”

இருபது வருஷத்து ஆளை அனுப்ப முடியுமா? முதலாளி வாயில் வந்ததையெல்லாம் கொட்டிவிட்டுப் போனார். கங்காதரன் குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டார்.

நாகவல்லி அழுதேவிட்டாள். “தப்பு என்னுது சார். நான் போய்ச் சொல்லிடறேன்.”

“உக்காரும்மா. புச்சா வர்ற அல்லாருக்கும் ஒரு தப்பு வரும். அது வர்ற வரைக்கும் யார் பேரையும் நான் பட்டியல்ல ஏத்தறதில்ல.”

பட்டியலைத் திறந்து, கீபோர்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

“உனுக்கு வந்துடுச்சு. அடி, உன் பேரை.”