யாருக்கும் தோணுற விஷயம்

புதூர்நாட்டில் அன்பரசியின் வீட்டு வாசலில் காய வைத்த புளி காலை வெயிலில் பிசுபிசுக்கிறது. அதன் நடுவே அவள் செய்த கருவி நிற்கிறது. சைக்கிள் டயர் சுற்றிய இரண்டு மர உருளைகள், ஒரு கைப்பிடி. சுற்றினால் சதை ஒருபுறமும் கொட்டை மறுபுறமும் விழும். இதற்குக் காப்புரிமை கிடைக்குமா என்று பார்த்துச் சொல்ல மலையேறி வந்திருக்கும் வக்கீல் சின்னராஜ், அவள் கொடுத்த பலாச்சுளையை மென்றபடியே நாலைந்து முறை சுற்றுகிறார். பிறகு, மூன்று வருடமாக அவள் வரைந்து வரைந்து திருத்திய நோட்டின் தாளிலேயே விரல் பிசுக்கைத் துடைத்துக்கொள்கிறார்.

“உருளையும் பழசு, டயரும் பழசும்மா. ரெண்டையும் சேக்கிறது யாருக்கும் தோணுற விஷயம். காப்புரிமை தர மாட்டாங்க.”

புளியங்கொட்டை எடுக்கும் கத்தி கிழித்த தழும்புகள் நிறைந்த தன் விரல்களை அன்பரசி பார்க்கிறாள். “தோணும்னா, இத்தினி வருசமா எங்க கையி இன்னாத்துக்கு சார் கிழிஞ்சிது?”

அவர் படமெடுக்கச் செல்போனை எடுத்துக்கொண்டு கருவியருகே குனிகிறார். “மச்சான் போளூர்ல பட்டறை வெச்சிருக்கான். இரும்புல அடிச்சா நல்லாப் போவும். உருளைக்கு நடுவுல எத்தினி நூல் இடம் வுட்டீங்க?”

பலா வாடை அவர் வாயிலிருந்து அவள் முகத்தில் அடிக்கிறது. அவள் கைநீட்டி உருளைகளைப் பிடித்திருக்கும் ஆணியை உருவுகிறாள். உருளைகள் தடதடவென்று புளிக்குள் விழுகின்றன.

“யாருக்கும் தோணுறதுதானே சார்? உங்க மச்சானுக்கும் தோணுங்க.”