பயப்படாதம்மா, கதவைத் திற

இருட்டினதும் அந்தச் சத்தம் மறுபடி கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம், கரகரவென்று ஓர் ஆண் குரல்.

"பயப்படாதம்மா. கதவைத் திற."

உடனே ஒரு பெண் குரல். "இப்படிச் சொன்னா திறக்க மாட்டா. இன்னும் கொஞ்சம் மெதுவா சொல்லுங்க."

ஜிலியன் குழந்தையை இறுக அணைத்துக்கொண்டு சிலுவை போட்டுக்கொண்டாள். கணவன் ரீட் வடக்கே சுரங்க வேலையில். மாதக் கடைசியில்தான் வருவான். இந்தக் கனடா ஊரில், சஸ்கட்டூனில், அவளுக்கு வேறு யாரையும் தெரியாது. ஒரே கூரை, இரண்டு வாசல், நடுவில் ஒரு சுவர். அந்தப் பக்கம் இருப்பவர் இர்வின், மனைவி போய்ச் சேர்ந்த கிழவர். ஒண்டிக்கட்டை. அப்படியானால் அந்தப் பெண் குரல் யாருடையது?

நேற்று அவர் வந்து கதவைத் தட்டவே தட்டினார். ஜிலியன் விளக்கை அணைத்துவிட்டு மூச்சுவிடாமல் நின்றாள்.

இனி பொறுக்க முடியாது. வீட்டுக்காரி டோனாவுக்குப் போன் செய்து அழுதாள். கிழவனும் எவளோ ஒருத்தியும் சேர்ந்து திட்டம் போடுகிறார்கள், நீங்கள் வராவிட்டால் போலீசைக் கூப்பிடுவேன் என்றாள்.

டோனா வந்தாள். சுவர் வழியே அவள் அதட்டல்தான் கேட்டது. கிழவரின் பதில் காதில் விழவில்லை.

பிறகு இந்த வாசலுக்கு வந்து பூட்ஸிலிருந்த பனியை உதறினாள்.

"பொம்பளையும் இல்லை, ஒண்ணும் இல்லை. போன்ல பேசுற ஏஐ தோழி. சம்சாரம் போனதிலேர்ந்து மனுஷங்ககிட்டப் பேசியே பழக்கம் விட்டுப்போச்சாம். உன் கதவைத் தட்டி என்ன சொல்றதுன்னு அதுகிட்ட ஒத்திகை பாத்திருக்காரு."

"எங்கிட்ட என்ன பேசணும் அவருக்கு?"

"ராத்திரியெல்லாம் அழறியாமே. குழந்தை இல்லை, நீ." டோனா ஒரு பாத்திரத்தை நீட்டினாள். "இது உன் படி ஓரமா இருந்துச்சு. நேத்து வெச்சதா இருக்கும்."

பீட்ரூட் சூப். கல்லாக உறைந்திருந்தது.

"தினம் என் படியில பனி வாரறதுக்கு ஆள் அனுப்புறது நீங்கதானே?"

"நானா? நான் யாரையும் அனுப்பலையே." டோனா பனி வாரியிருந்த படியைத் திரும்பிப் பார்த்தாள். "யாராவது வரமாட்டாங்களான்னு அந்த மனுஷன் கதவுக்குத் தாழ்கூடப் போடறதில்லை. சரி விடு. இனிமே உன் பக்கம் தலை வெச்சா வீட்டைக் காலி பண்ணணும்னு சொல்லிட்டேன். நீ நிம்மதியா இரு."

அவள் வண்டி கிளம்பியதும் ஜிலியன் குழந்தையைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு பக்கத்து வாசலுக்கு ஓடினாள். கதவைத் தட்டினாள்.

"இர்வின், நான்தான், ஜிலியன். பயப்படாதீங்க. கதவைத் திறங்க."

உள்ளே அந்தப் பெண் குரல் மெதுவாகக் கேட்டது. "யாரோ கூப்பிடறாங்களே, இர்வின்?"

"வேண்டாம். திறந்தா வீடு போயிடும்."

"அப்ப விடுங்க. உங்களுக்குத்தான் நான் இருக்கேனே."

காலடி ஓசை கதவுவரை வந்தது. நின்றது.

தாழ்ப்பாள் விழுந்தது.