லட்டுவுக்குச் சைவ மாத்திரை

"இதுல என்ன இருக்குன்னு நீயே வாசிச்சுச் சொல்லு" என்று மருந்து டப்பாவை மருமகள் பக்கம் நகர்த்தினாள் விசாலாக்ஷி.

ஸ்ரீலக்ஷ்மி வாசிக்கவில்லை. வாசித்தாலும் வம்பு, வாசிக்காவிட்டாலும் வம்பு.

"சிப்பித் தூளும்மா. கடல் சிப்பி. கூட கொஞ்சம் மீன் எண்ணெய்."

"சிவ சிவா!"

சமையலறை வாசலில் படுத்திருந்த லட்டு தலையைத் தூக்கிப் பார்த்தது. வயதான லாப்ரடார். பின்னங்கால்கள் இரண்டிலும் மூட்டுவாதம். அது எழுந்து நிற்பதற்குள் அதற்கும் மூச்சு வாங்கும், பார்க்கிறவர்களுக்கும் மூச்சு வாங்கும்.

"இதை விட்டா இந்த ஊர்ல வேற மருந்தே கிடையாதா?"

"இருக்கும்மா. இன்னொண்ணு இறால் ஓட்டுலேர்ந்து எடுக்கறது."

"அது இதுக்கு அண்ணாவாக்கும்!"

"மூணாவது ஒண்ணு சுத்த சைவம். ஆனா லட்டு இருக்கற நிலைமைக்கு அது போறாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

"எனக்கும்தான் முட்டி வலிக்கறது. நான் என்ன நண்டா தின்னேன்? தைலத்தைத் தேச்சுண்டு நாலு மாடவீதியும் சுத்திண்டுதானே இருக்கேன்?"

"உங்களுக்கு வலிச்சா வாய் விட்டுச் சொல்லுவேள். அதுக்குச் சொல்லத் தெரியாதேம்மா."

விசாலாக்ஷி குனிந்து லட்டுவின் காலைத் தடவிக் கொடுத்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எனக்குப் பாசமில்லேன்னு நெனச்சுக்காதே. அவருக்குத் தெரிஞ்சா என்ன ஆறது? தினம் மடியா பூஜை பண்றவர். அப்புறம் இந்த ஆத்துல ஒரு வாய் தண்ணி குடிப்பாரா? சைவத்தையே வாங்கிண்டு வந்துடு."

அவர் என்றால் மாமனார் சந்திரமௌலி. கூடத்தில் பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பேப்பர் அசையவில்லை.

ஸ்ரீலக்ஷ்மிக்கு மனசு கசந்தது. ஒருத்தருக்கு ஆசாரம், இன்னொருத்தருக்கு அவருடைய ஆசாரத்தின் மேல் பயம். நடுவில் ஒரு வாயில்லா ஜீவன் கிடந்து அவஸ்தைப்படுகிறது.

மருந்து வாங்கின அடையாறு கடைக்குத் திரும்பப் போனாள். சைவ மாத்திரை டப்பாவைக் கேட்டு வாங்கினாள். சிப்பி டப்பாவைத் திருப்பிக் கொடுக்கப் பைக்குள் கை விட்டாள். கை வெளியே வரவில்லை.

வீடு திரும்பி, மாடிப்படி முனையில் நின்று, சைவ டப்பாவைக் காலி செய்தாள். அதற்குள் சிப்பி மாத்திரைகளைக் கொட்டி மூடினாள். பார்வைக்கு இரண்டும் ஒரே பழுப்பு.

அன்றிலிருந்து ராத்திரி தயிர்சாதத்தில் ஒரு மாத்திரையைப் பிசைந்து வைப்பது விசாலாக்ஷியின் வேலை.

"என்னடி, இப்படி ஒரு வாடை?"

"மூலிகைம்மா" என்றாள் ஸ்ரீலக்ஷ்மி, முகத்தைத் திருப்பிக்கொண்டு. பொய் சொன்னது போதாதென்று மாமியார் கையாலேயே அதைப் பிசைய வைக்கிறோமே என்று இருந்தது.

மாசம் திரும்புவதற்குள் லட்டு படியேறியது. வாசல் மணி அடித்தால் வாலை ஆட்டிக்கொண்டு தானே எழுந்து போயிற்று.

விசாலாக்ஷிக்குத் தலைகால் புரியவில்லை. எதிர் ஃப்ளாட் ஃப்ளோரன்ஸ் டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"பாத்தேளா, சைவத்துக்கு இருக்கற சக்தியை!"

"அட போங்க மாமி! எங்க வீட்டு மீன் குழம்பை வாசல்லயே நின்னு மோந்து பாக்குதே, அதுலயே பாதி குணமாயிருக்கும்" என்று ஃப்ளோரன்ஸ் சிரித்தாள்.

ஸ்ரீலக்ஷ்மியும் சிரித்து வைத்தாள்.

அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. லட்டுவுக்கு வயிறு கெட்டது. நிற்காமல் போயிற்று. தயிர்சாதத்தைக்கூட மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினாள் ஸ்ரீலக்ஷ்மி.

டாக்டர் டெரன்ஸ் ட்ரிப்ஸ் ஏற்றினார்.

"மாத்திரை எவ்வளவு குடுக்கறீங்க?"

"நீங்க சொன்ன அளவுதான் டாக்டர். ராத்திரி ஒண்ணு."

"ஒண்ணுக்கு இவ்வளவு ஆகாதும்மா. மீன் எண்ணெய் அளவு மீறினாத்தான் இப்படிப் போகும். யாரோ கூடக் குடுக்கறாங்க. வீட்ல கேளுங்க. வயசான நாய், இன்னொரு தடவை தாங்காது."

திரும்பி வரும் வழியெல்லாம் லட்டுவின் தலை அவள் மடியில் கனத்தது. சீக்கிரம் குணமாகட்டுமென்று அம்மாதான் காலையிலும் ஒன்று போடுகிறாள் போலிருக்கிறது. சைவம்தானே, என்ன கெடுதல் என்று நினைத்திருப்பாள். உண்மையைச் சொல்லியே ஆகவேண்டும். வீடு இரண்டுபட்டாலும் பரவாயில்லை.

ஆட்டோ நின்றபோது வாசல் கேட்டில் சந்திரமௌலி, காலில் செருப்புகூட இல்லாமல் நின்றுகொண்டிருந்தார்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"மருந்து ரெண்டு பங்கா உள்ளே போறதாம்ப்பா. அம்மாதான் தெரியாம..."

அவர் முகம் விழுந்துவிட்டது. நிமிர்ந்து பால்கனியை ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

"அவ இல்லேம்மா. நான்."

"நீங்களாப்பா?"

"சைவம் போறாதுன்னு டாக்டர் சொன்னதா நீ சொன்னியே, கேட்டுண்டுதான் இருந்தேன். மனசு கேக்கலை. மறுநாளே போய் அந்தச் சிப்பி மாத்திரையை வாங்கிண்டு வந்துட்டேன். தினம் காலம்பற வாக்கிங் போறச்சே ஒண்ணு குடுப்பேன்."



அவர் லட்டுவின் காதை மெல்ல நீவினார். குரல் கிசுகிசுப்பாக இறங்கியது.

"அம்மாகிட்ட மூச்சு விட்டுடாதே. அவ ஆசாரம் பாக்கறவ, மனசு உடைஞ்சு போயிடுவா. அதுக்காகத்தான் டப்பாவை சுவாமி அலமாரியில, படத்துக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருக்கேன். இந்த ஆத்துல அவ கை வைக்காத இடம் அது ஒண்ணுதான்."