நாலாவது பழம்

இல்ல லா, சக்கர ரிம்முலதான் கோளாறுன்னு தனேஷ் தனக்குத் தானே அடிச்சுச் சொல்லிக்கிட்டான். ஏன்னா அதப் பொறுக்கி எடுத்தது அவன்தான்.

கார் சின்னக் காரு, பழைய கெலிசா. பதிமூணு இஞ்சு, நாலு நட்டு, நட்டு வட்டம் நூறு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் அளவு சொல்லுவான். புதன்கிழமை ஈப்போவுல பழைய ரிம்மு விக்கிற தவுக்கே கடையில ரெண்டு மணி நேரம் குந்திக்கிட்டு, ஒவ்வொண்ணா ஸ்பேனரால தட்டிப் பாத்தான்.

விரிசல் இல்லாத ரிம்ம தட்டுனா 'ணங்'குனு கோயில் மணி மாதிரி பேசும்.

மூணு பேசுச்சு.

நாலாவது 'தொத்'துன்னுச்சு.

ஹாபுக் லா, வெறும் தூசி, கழுவுனா பாடும்னு கடைக்கார தவுக்கே சிரிச்சாரு. அதே டிசைனுல வேற இல்ல. வாங்கிட்டான். பின்னால இடது பக்கம் மாட்டுனான். பழைய ரிம்மு ஒடைஞ்சது அங்கதான்.

ஒடைச்சதும் அவன்தான்.

அதுக்கு மொத நாளு, செவ்வாய்க்கிழமை, செமோர் பக்கம், எஸ்டேட் இருந்த காலத்து ரோட்டுல அக்காவ ஏத்திக்கிட்டு வந்தான். சும்மா வரல, வெரட்டிக்கிட்டு வந்தான். லுபாங்குல, ரோட்டுப் பள்ளத்துல, எறங்குன வண்டி வால ஆட்டிக்கிட்டுப் போயி ஒரு ரப்பர் மரத்து மூட்டுல இடிச்சுச்சு. பின் இடது ரிம்மு அப்பளமா போச்சு. அந்தக் கதவு சீட்டு வரைக்கும் உள்ள அமுங்கிருச்சு. இன்னிக்கு வரைக்கும் தொறக்கல.

அந்தக் கதவோரமாத்தான் கலாதேவி அக்கா ஒக்காந்திருந்தா. வயித்துல ஏழு மாசம்.

ஒரு கீறல் இல்ல.

மாரியம்மா காப்பாத்திட்டான்னு தனேஷ் ரோட்டுலயே ஒக்காந்து அழுதுட்டான்.

வியாழக்கிழமை சிங்கப்பூர்லேருந்து அக்கா வீட்டுக்காரரு ஜெயபாலன் மாமா இவனுக்கு போன் அடிச்சாரு. உங்கக்கா ஏன் ரெண்டு நாளா போன எடுக்க மாட்டேங்குறான்னு கேட்டாரு. டயர்டா இருக்கு மாமா, தூங்குதுன்னு சொல்லி வெச்சான்.

வெள்ளிக்கிழமை காலையிலதான் அக்கா மெதுவா வாயத் தொறந்தா. செவ்வாய்க்கிழமையிலேருந்து புள்ள ஒதைக்கலயாம்.

பத்து காஜா டவுனு ஆஸ்பத்திரிக்குப் போலாம், இப்பவே போலாம்னு சாவிய எடுத்துக்கிட்டு ஓடுனான். அக்கா அதுக்குள்ள கார்ல ஒக்காந்திருந்தா. பின்னால, இடது பக்கம், அதே எடத்துல. எப்ப ஏறுனான்னு இவன் பாக்கல.

"புது ரிம்மு போட்டிருக்க. இந்தத் தடவையாச்சும் பழம் வெச்சுட்டு எடு டா."

கார வாங்குனப்ப வெக்கலன்னு குத்திக் காட்டுறா. சாமி மேடையில ஒம்பது எலுமிச்சம்பழம் இருந்துச்சு. பையோட தூக்கிக்கிட்டு வந்து, நாலுக்குக் குங்குமப் பொட்டு வெச்சு, நாலு டயருக்கு அடியிலயும் சொருகுனான்.

கிளச்ச விட்டான்.

டப்பு. டப்பு. டப்பு.

எறங்கிப் பாத்தான். மூணு பழம் நசுங்கி சிமெண்டுல சாறு ஓடுது. பின் இடது டயரு தாண்டிப் போயிருக்கு, ஆனா அது தாண்டுன பழம் உருண்டையா, வெச்ச எடத்துலயே கெடக்குது. பொட்டுகூட கலையல.

அந்த 'தொத்து' ரிம்மு!

தெரிஞ்சே எடுத்தேனே, அக்கா பக்கமே மாட்டுனேனேன்னு ஓடிப்போயி ஸ்பேனர எடுத்தான். முன் வலது சக்கரத்தக் கழட்டி பின் இடதுல போடலாம், 'தொத்து' ரிம்ம முன்னால கொண்டு போயிரலாம். பத்து நிமிச வேல.

கொஞ்சம் எறங்குறியாக்கான்னு கேட்டான்.

"ஏறி எறங்க முடியல டா. அப்படியே மாத்து."

ஆள் ஒக்காந்திருக்கிற வண்டியத் தூக்கக் கூடாதுன்னு அவனுக்குத் தெரியும். வேற வழியில்ல. பாத்துப் பாத்து ஜெக்கத் திருகுனான். ஒரு கனமும் இல்ல. காலி வண்டி மாதிரி லேசா ஏறிருச்சு. எண்ணெய் போட்டு வெச்சது நல்லதாப் போச்சுன்னு நெனச்சுக்கிட்டான்.

மாத்துனான். இன்னும் நாலு பழம் எடுத்தான். பொட்டு வெச்சான். கிளச்ச விட்டான்.

டப்பு. டப்பு. டப்பு.

மொத வேலையா முன் வலதப் போயிப் பாத்தான். 'தொத்து' ரிம்முக்கு அடியில பழம் அம்புட்டு நல்லா நசுங்கியிருந்துச்சு, விதையெல்லாம் வெளிய. சந்தேகத்துக்கு ஸ்பேனரால ரிம்ம ஒரு தட்டு தட்டுனான்.

ணங்.

தவுக்கே சொன்னது சரிதான். வெறும் தூசி.

பெறகு மெதுவா சுத்தி பின்னால வந்தான். இப்ப அங்க மாட்டியிருக்கிறது மணி மாதிரி பேசுன நல்ல ரிம்மு. அதுக்குப் பின்னால பழம், பொட்டோட, பளபளன்னு.

ஒரு கீறல் இல்ல.

தனேஷ் நிமிரல. குந்துன மேனிக்கே கெடந்தான். தலைக்கு மேல, அமுங்குன கதவுக்கு அந்தப் பக்கம், அக்கா கொரல் கேட்டுச்சு.

"என்னடா, நாலும் ஒடைஞ்சுச்சா?"

ஒடைஞ்சிருச்சுக்கான்னு சொன்னான்.

பையில இன்னும் ஒரே ஒரு பழம் இருக்கு. அக்காவ ஒரு நிமிசம் எறங்கி நிக்கச் சொல்லிட்டு, அத அந்த டயருக்கு அடியில வெச்சு, அப்பயாச்சும் நசுங்குதான்னு பாக்கலாம். இல்ல, எதையும் பாக்காம அப்படியே பத்து காஜாவுக்கு ஓட்டிரலாம், அக்கா பின்னால ஒக்காந்திருக்கிற வரைக்கும். நீங்களா இருந்தா என்னா செய்வீங்க, சொல்லுங்க லா?