ஒரு கல் உப்பு

படையெடுத்துப் போன தூரதேசத்தில் பேரரசர் காய்ச்சலில் இறந்துபோனார். ஊர் போய்ச் சேருமுன் உடல் அழுகிவிடும். அந்தக் கால வழக்கப்படி அதை வேகவைத்து, எலும்புகளை மட்டும் கொண்டுபோக முடிவாயிற்று. அவ்வளவு பெரிய அண்டா அரசரின் சமையற்காரன் ஓட்மாரிடம்தான் இருந்தது. தண்ணீர் கொதித்தது. பழக்கதோஷத்தில் உப்புச்சாடிக்குள் போன அவன் கை அங்கேயே நின்றுவிட்டது.

“என்னய்யா ஆச்சு?” என்றார் தளபதி.

“வைத்தியர் உப்பே கூடாதுன்னுட்டாரு, பிரபு. ‘ஒரே ஒரு கல்லு போடு, ஓட்மார்’னு அரசர் தெனமும் கெஞ்சுவாரு. நான் போட்டதே இல்ல.”

நாடுகளை மண்டியிட வைத்தவர் கெஞ்சித் தளபதி பார்த்ததில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு கூடாரத்துக்கு வெளியே போனார்.

ஓட்மார் கை நிறைய அள்ளினான்.