இடிக்க வேண்டிய கட்டடம்

"இதுக்கு மேல பேச ஒண்ணுமில்ல மேடம். இடிச்சே ஆகணும்!"

ஒப்பந்ததாரர் ஒப்பந்தக் கோப்பை மூடி மேசைமேல் போட்டார். பொறியாளர் அதைத் திறந்து, அதே பக்கத்தை மறுபடியும் அவர் முன்னால் நகர்த்தினாள். காலையிலிருந்து இது ஏழாவது முறை.

பள்ளியின் பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதாகத்தான் முதலில் ஒப்பந்தம். இப்போது, பழுது பார்த்தாலே போதும் என்று திருத்தியிருந்தார்கள். அத்தனை சிமென்ட்டும் கம்பியும் மிச்சம், அதற்கான புகையும் மிச்சம். அவர் கையெழுத்துப் போட்டால் ஆயிற்று. போடாவிட்டால், நாளை விடுமுறை தொடங்கியதும் இடிக்கிற இயந்திரம் உள்ளே வந்துவிடும்.

"ஒரு மூட்டை சிமென்ட் தயாரிக்க, கிட்டத்தட்ட ஒரு மூட்டை எடைக்குப் புகை மேல போகுது சார். பூமி ஏற்கெனவே கொதிக்குது."

"ஊரே கட்டிக்கிட்டு இருக்கு. நான் ஒருத்தன் கட்டுறதுலதான் வெயில் கூடிடுச்சா?"

"சுவத்துல துளை போட்டுச் சோதிச்சாச்சு. இன்னும் அம்பது வருஷம் தாங்கும்னு ரிப்போர்ட் இருக்கு."

"ரிப்போர்ட்டா உள்ள உக்காந்து படிக்குது? பிள்ளைங்க மேடம், பிள்ளைங்க! நாளைக்கு மேல்தளம் பொத்துனு விழுந்தா நீங்களா பதில் சொல்வீங்க?"

அவளுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. பழைய சுவர்தான், அதற்கு ஒன்றும் ஆகாது.

அவர் ஜன்னலைக் காட்டினார். "அதோ பாருங்க, இதே ஸ்கூலுக்கு மூணு வருஷம் முன்னாடி நான் கட்டின புது பில்டிங். டைல்ஸ் என்ன, லிஃப்ட் என்ன! அதை விட்டுட்டு, இந்தக் கிழட்டுக் கட்டடத்துல பிள்ளையை உக்கார வச்சா எந்தத் தகப்பனுக்குத் தூக்கம் வரும்? நானும் பெத்தவன்தான். என் பொண்ணும் இதே ஸ்கூல்தான்."

முதன்முறையாக அவளுக்குத் தடுமாற்றம் வந்தது. ஒருவேளை ரிப்போர்ட்தான் தப்போ? பெற்றவனிடம் எந்தக் காகிதத்தைக் காட்டி வாதாடுவது? அவள் கோப்பை மூடினாள்.

மணி அடித்தது. பழைய கட்டடத்தின் படிகளில் தடதடவென்று இறங்கி, ஒரு சிறுமி பையோடு அலுவலக அறைக்குள் ஓடி வந்தாள்.

"அப்பா!"

"நீ போய் வண்டியில உக்காரும்மா. அப்பா பேசிட்டு வரேன்."

"முதல்ல இதுக்குப் பதில் சொல்லுங்க. லீவு முடிஞ்சதும் என்னைப் புது பில்டிங்குக்கே திருப்பி மாத்திடுவீங்கதானே? ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் அங்கதான் இருக்காங்க. எதுக்குப்பா ஹெச்.எம். மிஸ்கிட்ட அவ்வளவு கெஞ்சி, என்னை மட்டும் இந்தப் பழைய பில்டிங்குக்கு மாத்தினீங்க?"

ஒப்பந்ததாரர் அவசர அவசரமாகச் சட்டைப் பையில் பேனாவைத் தேடினார். பொறியாளர் ஃபோனை எடுத்தாள்.

"அந்தத் துளை போடுற மெஷினைத் திருப்பி அனுப்பிடாதீங்க. புதுக் கட்டடத்துலயும் போடணும்."